ஓட ஓட ரத்தம் ஊறும் குதிரை! தெரியுமா?

திருத்தணி மலையின் 365 படிகளையும் நிற்காமல் ஏறிப் பாருங்கள். முருகன் சந்நிதியை எட்டுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். 70 தடவை துடித்த இதயம் இரண்டு மடங்கு துடிக்கும். பந்தயக் குதிரைக்கு? லாயத்தில் நிற்கையில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது துடிப்புதான். நாலுகால் பாய்ச்சலில் 220-ஐத் தாண்டிவிடும்!

அதைவிட அதிசயம் மண்ணீரல். நமக்கு அது கைப்பிடி அளவு. குதிரைக்கோ ரத்தச் சிவப்பணுக்களைக் கொட்டி வைத்திருக்கும் களஞ்சியம்! ஓட்டம் பிடித்ததும் அது சுருங்கிச் சேமிப்பையெல்லாம் ரத்தத்தில் பீய்ச்சிவிடும். ரத்தத்தில் நூற்றுக்கு 40 பங்கு இருந்த சிவப்பணு 60-க்கு மேல் ஏறும். தடையை மீறி ரத்தம் ஏற்றிக்கொண்டு மாட்டிக்கொள்ளும் வீரர்கள் உண்டு. குதிரைக்கு அது பிறவி வரம்.

பாயும்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. அதுவும் மூக்கால் மட்டுமே. வாயால் மூச்சுவிடக் குதிரையால் முடியாது, தெரியுமா?

கடிவாள வார் உரசும் கழுத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சோப்பு போட்டதுபோல வெள்ளை நுரை! வியர்வையில் 'லாதரின்' என்றொரு புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தில் வியர்வையைப் பரப்பி, சீக்கிரம் ஆவியாக்கி, உடம்பைக் குளிர்விப்பது அதுதான்.

சரி, பயிற்சி எதை மாற்றுகிறது? எத்தனை மாதம் பழக்கினாலும் இதயத்தின் உச்சத் துடிப்பு கூடாது! கூடுவது இதய அறையின் கொள்ளளவு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் பாயும். தசைக்குள் புதுப்புது நுண்குழாய்கள் கிளைவிடும். உச்ச ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 140 மில்லி லிட்டருக்கு மேல் ஆக்சிஜனை இழுக்கும். உலகத்தரமான மாரத்தான் வீரருக்கே சுமார் 80தான்! 1789-ல் இறந்த இங்கிலாந்தின் 'எக்லிப்ஸ்' என்ற பந்தயக் குதிரையின் இதயத்தை எடை போட்டார்கள்: ஆறு கிலோவுக்கும் மேல்!

ஆனால் எலும்பு? அதுதான் மெள்ள மெள்ள வரும். இதயமும் தசையும் சில வாரங்களில் தயாராகிவிட, எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு விரட்டினால் இரண்டு வயதுக் குட்டிக்கு முன்னங்கால் எலும்பு வலித்து வீங்கிவிடும். வாயில்லா ஜீவன், வலிக்கிறது என்று சொல்லாது. பழக்குகிறவர்தான் பொறுத்துப் போக வேண்டும்.

தேறிய குதிரையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஓடி நின்றபின் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். நெடுந்தூரப் போட்டிகளில் குறித்த நிமிடங்களுக்குள் 64-க்கு இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓட விடுவதில்லை. அடுத்த முறை திருத்தணி மலை ஏறியதும் மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களும் எண்ணிப் பாருங்கள்!