குட்டிக் குதிகாலுக்கு ஓர் ஆறுதல்

உங்கள் உறவிலோ அண்டை அயலிலோ யாருக்காவது எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களா? அப்படியானால் ஆஸ்பத்திரியின் அந்தத் தாழ்வாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "கொஞ்சம் ரத்தம் எடுக்கணும், வெளியிலே இருங்கம்மா" என்று நர்ஸ் சொல்கிறாள். கதவு சாத்திக் கொள்கிறது. தாய் சுவரைப் பார்த்தபடி நின்று, அழுகைச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கொள்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. 'நல்ல வேளை, குழந்தைக்கு வலிக்கவில்லை போலிருக்கிறது' என்று பெருமூச்சு விடுகிறாள்.

அங்கேதான் அவள் ஏமாந்து போகிறாள். குறைமாதக் குழந்தை அழாமல் இருப்பது வலி இல்லாததால் அல்ல. பல சமயம், அழுவதற்குத் தெம்பு இல்லாததால்தான். தொண்டையில் மூச்சுக் குழாய் செருகியிருந்தாலோ, வாயைத் திறந்து கதறினாலும் சத்தம் வெளியே வராது. ஆனால் முகம் பொய் சொல்லாது. புருவம் நெரிந்து புடைக்கும். கண்கள் இறுக மூடிக் கொள்ளும். மூக்கின் இரு பக்கமும் வாய் வரையில் கோடு விழும். நாடி வேகமாக ஓடும். ரத்தத்தில் பிராணவாயு இறங்கும். இந்த அடையாளங்களுக்கு மார்க் போட்டு வலியை அளக்கும் முறையைக் கானடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் வெளியிட்டார்கள்.

'இது என்ன அதிசயம்? குழந்தைக்கு வலிக்கும் என்று எங்கள் பாட்டிக்குத் தெரியாதா?' என்று கேட்கிறீர்களா? பாட்டிக்குத் தெரிந்திருந்தது. மெத்தப் படித்த வைத்தியர்களுக்குத்தான் தெரியவில்லை! சிசுவின் நரம்புகளுக்கு மேலுறை சரியாக வளரவில்லை, ஆகையால் வலி மூளைக்கு எட்டாது என்பது அவர்களுடைய வாதம். பெரியவர்கள் உடம்பிலும் மேலுறையற்ற நரம்புகள் வலியைச் சுமந்து கொண்டுதான் போகின்றன என்பதை ஏனோ அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1980-களின் நடுப்பகுதி வரையில், மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே, அசையாமல் கிடப்பதற்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, வலிக்கு ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காமல் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அப்படி ஆபரேஷன் செய்யப்பட்டு இறந்து போன ஒரு குறைமாதக் குழந்தையின் தாய், பிறகு விஷயம் தெரிந்து பத்திரிகைகள் வரையில் கொண்டு போனாள்.

அதே சமயத்தில் இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போயிருந்த கன்வல்ஜித் ஆனந்த் என்ற நம் நாட்டு டாக்டர் இந்த விஷயத்தை விடாப்பிடியாக ஆராய்ந்து கொண்டிருந்தார். இருதய ஆபரேஷனின்போது வலிக்குச் சரியான மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்த சிக்கல்களோடு தேறின என்று 1987-ல் அவர் காட்டினார். பழைய அபிப்பிராயம் அதோடு ஆட்டம் கண்டது.

ஆபரேஷனுக்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் தினந்தோறும் நடக்கும் சில்லறைக் குத்தல்கள்? பாரிஸ் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள 13 ஆஸ்பத்திரிப் பிரிவுகளில் 430 குழந்தைகளைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். 2008-ல் அது வெளியாயிற்று. குதிகாலில் குத்துவது, மூக்கில் குழாய் விடுவது, பிளாஸ்திரியை உரிப்பது என்று ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் பத்துத் தடவை வலி. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு வலியைத் தணிக்க எதுவும் குறிப்பாகச் செய்யப்படவில்லை. குழந்தை அதையெல்லாம் மறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நீரிழிவுள்ள தாய்மாருக்குப் பிறந்து, முதல் ஓரிரு நாளில் அடிக்கடி குதிகாலில் குத்தப்பட்ட குழந்தைகளை டொரன்டோவில் கவனித்தார்கள். பிறகு புறங்கையில் ஊசி போடுவதற்காகத் தோலைத் துடைத்தபோதே அவை முகம் சுளித்தனவாம். ஊசி இன்னும் வரவே இல்லை!

ஒவ்வொரு சிறு குத்தலுக்கும் ஒன்றரைக் கிலோகூட இல்லாத உடம்பில் பலமான மருந்தைச் செலுத்த முடியாது. அதற்கும் பின்விளைவுகள் உண்டு. பின் என்ன வழி? வழி தாழ்வாரத்தில் நின்று கொண்டிருக்கிறது, அம்மணி. உங்களைத்தான் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற டாக்டர், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து, கங்காரு குட்டியைச் சுமப்பது போல் நிமிர்த்திக் கட்டி வைக்கச் சொன்னார். உடம்புச் சூட்டுக்காகச் செய்த ஏற்பாடு வலிக்கும் மருந்தாக இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. 2000-ல் பாஸ்டனில் நிறைமாதக் குழந்தைகளிடம் பரீட்சித்தபோது, பத்துப் பதினைந்து நிமிஷம் தாயின் மார்பில் கிடந்த பிறகு குதிகாலில் குத்தப்பட்டவற்றின் அழுகை, தொட்டிலில் இருந்தவற்றைவிட 82 சதவிகிதம் குறைந்திருந்தது. அடுத்த சில வருஷங்களில் மான்ட்ரியலில் குறைமாதக் குழந்தைகளிடமும், 28 வாரத்தில் பிறந்தவை வரையில், பலன் கண்டார்கள். அப்பாவின் மார்பும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது என்று 2011-ல் சொன்னார்கள். தாய்க்குக் கொஞ்சம் கூடுதல் மார்க். இதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டுவது உங்கள் இஷ்டம்!

குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாத நிலையா? அப்போதும் கை இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துச் சூடாக்கிக் கொள்ளுங்கள். ஒரு கையால் தலையைக் கிண்ணம் போல் அணையுங்கள். மற்றொரு கையால், வயிற்றுக்குள் இருந்தது போலக் கால்களை மடக்கிப் பிடியுங்கள். ரத்தம் எடுக்க ஒரு கால் மட்டும் வெளியே இருக்கட்டும். நம் வழக்கப்படி தடவவோ தட்டிக் கொடுக்கவோ வேண்டாம். அந்த மெல்லிய தோலுக்கு அதுவே உபத்திரவம். கையை அசைக்காமல் வையுங்கள். குத்தி முடிந்ததும் உடனே எடுத்துவிடாமல், முகம் தெளியும் வரையில் இருங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் சமாசாரம் ஒன்று உண்டு. குத்துவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் நாக்கு நுனியில் சில சொட்டு விட்டால் முகம் சுளிப்பது குறைகிறது. ஆனால் 2010-ல் லண்டனில் மூளையின் மின் அலைகளைப் பார்த்தபோது, சர்க்கரை பெற்ற குழந்தையின் மூளையும் பெறாத குழந்தையின் மூளையும் ஒரே மாதிரிதான் துடித்தன! சர்க்கரை வலியை அடக்குகிறதா, முகத்தை மட்டுந்தான் அடக்குகிறதா என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. என்னைக் கேட்டால், மார்பும் கையும் கிடைக்கிறபோது சர்க்கரையை இரண்டாம் பட்சமாக வைப்பேன். எப்படியும் அது ஆஸ்பத்திரியில் அளந்து கொடுக்கும் பொருள். சேனை வைக்கிறேன் என்று வீட்டுப் பெரியவர்கள் கிளம்பினால் தடுத்து விடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

ஆபரேஷனுக்கும், அவசரமில்லாமல் மூச்சுக் குழாய் செருகும்போதும் மருந்துதான் வேண்டும். அங்கே இவை துணை மட்டுமே. கண் பரிசோதனைக்கும் தாயின் கை போதாது. சொட்டு மருந்தும் வேண்டும். டாக்டரிடம் கேளுங்கள். நர்ஸிடமும், "ரத்தம் எடுக்கிற நேரத்தை முன்னாடியே சொல்லுங்க, நான் கூட இருக்கேன்" என்று தைரியமாகச் சொல்லி வையுங்கள். முதல் நாள் முகத்தைச் சுளித்தாலும், குழந்தை திமிறாமல் இருந்தால் தன் வேலையும் சுலபம் என்று அவளே கண்டு கொள்வாள்.

வாயும் சும்மா இருக்க வேண்டாம். இத்தாலியில் ஆவோஸ்டா என்ற மலைப் பிரதேசத்து ஆஸ்பத்திரியில் 20 குறைமாதக் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தும்போது தாய்மாரைப் பேசவும் பாடவும் சொன்னார்கள். தாய் பேசியபோது வலி மார்க் 4.5-லிருந்து 3-க்கு இறங்கியது என்று 2021-ல் எழுதினார்கள். பாட்டைவிடப் பேச்சுக்குத்தான் பலன் அதிகமாம். ஆகவே தாலாட்டுத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். காலையில் பஸ் கிடைக்காமல் நின்றது, பாட்டி சுவெட்டர் பின்ன ஆரம்பித்திருப்பது, அப்பா இன்றைக்கும் டிபன் காரியரை மறந்துவிட்டது என்று எதை வேண்டுமானாலும் தாழ்ந்த குரலில் சொல்லிக் கொண்டிருங்கள்.