கரைவெட்டி பறவைகள் சரணாலயம்

கரைவெட்டி பறவைகள் சரணாலயம் தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு நீர்ப்பறவைக் காப்பிடமாகும். இதன் பரப்பளவு 453.72 எக்டேர். 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இதனைச் சரணாலயமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டு சனவரியில் இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இங்கு ஏறத்தாழ 198 பறவையினங்கள் பதிவாகியுள்ளன.

இச்சரணாலயம் இயற்கையாக உருவான காடோ சதுப்பு நிலமோ அன்று. உழவுக்காகக் கரை கட்டி நீர் தேக்கப்படும் பாசன ஏரி இது. இமயமலையைத் தாண்டி வரும் வாத்துகள் தங்குவதும், சுற்றுவட்டார வயல்கள் விளைவதும் இந்த ஒரே நீரைக் கொண்டுதான். கரைவெட்டியைப் பார்க்கச் செல்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே.

பெயரும் அமைவிடமும்

திருமானூர் ஊராட்சி ஒன்றியத்தில் கரைவெட்டி, வேட்டக்குடி ஆகிய ஊர்களை ஒட்டி ஏரி பரந்துள்ளது. ஆகவே கரைவெட்டி – வேட்டக்குடி ஏரி என்றும் இது அழைக்கப்படுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வேறு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.

சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது இப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2007ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. பழைய நூல்களிலும் அறிக்கைகளிலும் கரைவெட்டி பெரம்பலூர் மாவட்டம் என்று குறிக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

நீர் வரும் வழி

ஏரிக்கு நீர் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று காவிரி நீர். மேட்டூர் அணையில் திறக்கப்படும் நீரின் ஒரு பகுதி, காவிரியின் வடகரையில் பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகத் திருச்சிராப்பள்ளி, அரியலூர் மாவட்டங்களின் ஏரிகளை நிரப்பிக்கொண்டு இங்கு வந்து சேர்கிறது. மற்றொன்று அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை.

மேட்டூர் அணையை சூன் 12ஆம் நாள் திறந்து சனவரி 28ஆம் நாள் மூடுவது வழக்கம். புள்ளம்பாடி வாய்க்காலுக்கு வழக்கமாக ஆகத்து முதல் திசம்பர் நடுப்பகுதி வரை நீர் விடப்படும். எனவே செப்டம்பரில் ஏரியில் நீர் ஏறத் தொடங்கும். மழைக்காலத்தில் நிரம்பும். வாய்க்காலில் வரத்து நின்ற பிறகு, பாசனத்துக்கு எடுக்க எடுக்க நீர் வற்றிக்கொண்டே வரும். கோடையில் ஏரியின் பெரும்பகுதி வறண்டு விடும்.

ஏரி இவ்வாறு நிரம்பி வற்றுவது பறவைகளுக்கு ஒரு குறையன்று. ஆண்டு முழுவதும் ஒரே ஆழத்தில் நீர் நிற்கும் இடத்தைவிட, மெல்ல மெல்ல வற்றும் ஏரியில்தான் பல வகைப் பறவைகளுக்கு இரை கிடைக்கும். ஆழமான நீரில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கும். அரையடி ஆழத்தில் வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி நீர்ச்செடிகளின் விதைகளையும் கிழங்குகளையும் மேயும். கணுக்கால் அளவு நீரில் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கரண்டிவாயன்களும் இரை தேடும். நீர் விலகிய சேற்றில் உள்ளான்கள் புழுக்களைக் குத்தி எடுக்கும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் நீர் சுருங்கும்போது மீன்கள் சிறு பரப்பில் நெருங்கிவிடுவதால் நாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே கூட்டமாகச் சேரும்.

பறவைகள்

கரைவெட்டியில் காணப்படும் பறவைகளை மூன்று பிரிவுகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, ஆண்டு முழுவதும் இப்பகுதியிலேயே வாழ்பவை. கொக்கு, மடையான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, குள்ளத்தாரா, மீன்கொத்தி முதலியன இவ்வகையின.

இரண்டாவது, நீர் இருக்கும் இடத்தைத் தேடி நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்பவை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன் முதலியவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஓர் ஏரி வறண்டால் இவை அடுத்த ஏரிக்குச் சென்றுவிடும். ஆகவே ஓர் ஆண்டில் இவை குறைவாகத் தென்பட்டால், இனமே அழிந்துவருகிறது என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

மூன்றாவது, குளிர்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வலசை வருபவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை, வரித்தலை வாத்து ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வடக்கே ஆர்க்டிக் பகுதியிலிருந்து தெற்கே இந்தியப் பெருங்கடல் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் கரைவெட்டி உள்ளது. வாத்துக் கூட்டங்களைத் தொடர்ந்து சேற்றுப் பூனைப்பருந்து போன்ற இரைகொல்லிப் பறவைகளும் வருகின்றன. நீரில் அமைதியாக மிதக்கும் வாத்துக் கூட்டம் திடீரென்று ஒன்றாக எழும்பினால், வானத்தில் பருந்து வட்டமிடுகிறதா என்று பார்ப்பது பறவை நோக்குபவர்களின் வழக்கம்.

வரித்தலை வாத்து

கரைவெட்டிக்குப் பெயர் பெற்றுத் தந்த பறவை இது. சாம்பல் நிற உடலும், வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கருநிறப் பட்டைகளும் கொண்டது. எடை ஏறத்தாழ 2 முதல் 3 கிலோகிராம். மங்கோலியா, திபெத்திய பீடபூமி, லடாக் முதலிய இடங்களின் ஏரிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் இந்தியா முழுவதும் பரவுகிறது.

இதன் பயணத்தில் இமயமலை குறுக்கிடுகிறது. செயற்கைக்கோள் வழியாகத் தொடரப்பட்ட பறவைகள் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது பதிவாகியுள்ளது. அந்த உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிசன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடக் குறைவு. இப்பறவையின் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஆக்சிசனை மற்ற வாத்துகளுடையதைக் காட்டிலும் எளிதில் பற்றிக்கொள்கிறது. நுரையீரலும் ஒப்பளவில் பெரியது. மேலும், இது எப்போதும் ஒரே உயரத்தில் பறப்பதில்லை. மலைச்சரிவுகளை ஒட்டி ஏறியும் பள்ளத்தாக்குகளில் இறங்கியும் பறந்து ஆற்றலை மிச்சப்படுத்துகிறது.

மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டுள்ளன. இவை பகலில் பெரும்பாலும் ஏரியில் ஓய்வெடுத்துவிட்டு, மாலையிலும் இரவிலும் புல்வெளிகளிலும் வயல்களிலும் மேயும். எனவே இவற்றுக்கு ஏரி மட்டும் போதாது. சுற்றியுள்ள வயல்வெளியும் தேவை.

சட்டப் பாதுகாப்பு

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் வேறுபடுத்துகிறது. முக்கூர்த்தி, முதுமலை போன்ற தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்ச்சலுக்கு இடமில்லை. சரணாலயத்திலோ, அங்கு ஏற்கெனவே உள்ள மக்களின் உரிமைகள் தொடர்வதற்கு மாவட்ட ஆட்சியர், தலைமைக் காட்டுயிர்க் காப்பாளருடன் கலந்தாய்ந்து அனுமதிக்கலாம். கரைவெட்டி போன்ற பாசன ஏரிகள் சரணாலயமான பிறகும் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் வேட்டைக்கு எவ்வித விலக்கும் இல்லை. சரணாலயத்துக்குள் பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும், முட்டை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் வேட்டையாகவே கருதப்படும். இக்குற்றத்துக்கு 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

ராம்சர் அங்கீகாரம்

ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. இந்தியா 1982இல் இதில் இணைந்தது. தமிழ்நாட்டில் முதலில் இப்பட்டியலில் சேர்ந்தது கோடியக்கரை (2002). 2024 சனவரி 31 அன்று கரைவெட்டியும், நீலகிரி மாவட்டத்தின் லாங்வுட் சோலைக் காடும், கருநாடகத்தின் மூன்று ஈரநிலங்களும் சேர்க்கப்பட்ட செய்தி வெளியானது. அத்துடன் நாட்டிலுள்ள ராம்சர் தலங்களின் எண்ணிக்கை 80 ஆகவும், தமிழ்நாட்டில் 16 ஆகவும் உயர்ந்தது.

இந்த அறிவிப்பில் பறவைகளோடு உழவும் குறிப்பிடப்பட்டிருந்தது. நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை ஆகியவை இந்த ஏரி நீரால் விளைகின்றன என்பதும், நிலத்தடி நீர் ஊறுவதற்கு இது ஆதாரமாக உள்ளது என்பதும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன.

நீருக்கான போட்டி

ராம்சர் அங்கீகாரம் ஏரியை நிரப்பித் தராது. கரைவெட்டிக்கு அங்கீகாரம் கிடைத்த அதே பருவத்தில், காவிரியில் போதிய வரத்து இல்லாததால் மேட்டூர் அணை 2023 அக்டோபர் 10ஆம் நாளே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, வழக்கமான சூன் 12 கடந்து சூலை 28ஆம் நாள்தான் அணை திறக்கப்பட்டது. கருநாடகத்தின் குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, மேட்டூரின் நீர்மட்டம், வாய்க்கால் திறக்கும் நாள் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால்தான் வலசைப் பறவைகள் வரும்போது இங்கு நீர் இருக்கும்.

நீர் குறைவான ஆண்டில் உழவருக்கும் பறவைக்கும் தேவை ஒரே நேரத்தில் வருகிறது. சம்பா நெல் கதிர் முற்றும் காலத்தில் கடைசித் தண்ணீர் கிடைக்காவிட்டால் அதுவரை போட்ட உழைப்பு வீணாகும். அந்த நீர் மதகு வழியே வெளியேறினால் ஏரியின் நீர்ப்பரப்பு சுருங்கும். இதற்கு எளிய தீர்வு இல்லை. எனினும் ஏரியின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வது இருவருக்கும் பயன் தரும். வண்டல் படிவதும், சீமைக் கருவேல் பரவுவதும், வரத்து வாய்க்கால்கள் தூர்ந்து போவதும் தமிழக ஏரிகளுக்குப் பொதுவாக உள்ள கேடுகள். தூர்வாரும்போதும், ஏரியின் எல்லாப் பகுதியையும் ஒரே ஆழத்துக்கு வெட்டிவிடாமல் ஆழமற்ற ஓரங்களை விட்டுவைக்க வேண்டும். அவ்வாறு வெட்டிவிட்டால் நாரைகளும் உள்ளான்களும் நிற்க இடமிருக்காது.

மறுபுறம், பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. நத்தை குத்தி நாரைகள் வயல்களில் நத்தைகளையும், கொக்குகள் பூச்சிகளையும் தின்கின்றன.

பார்வையிடல்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வலசை வாத்துகளைப் பார்க்கத் திசம்பர், சனவரி மாதங்கள் சிறந்தவை. புறப்படும் முன் அவ்வாண்டு ஏரியில் நீர் உள்ளதா என்று கேட்டறிவது நல்லது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாக அரியலூர் செல்லும் சாலையில் வந்து கீழப்பழுவூர்ப் பகுதியிலிருந்து ஏரியை அடையலாம். தஞ்சாவூரிலிருந்து தொலைவு சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் உள்ள அரியலூர் தொடர்வண்டி நிலையத்திலிருந்தும் செல்லலாம்.

பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவது காலை விடிந்த பின் முதல் இரண்டு மூன்று மணி நேரமும், மாலையில் கதிரவன் மறைவதற்கு முன்பும் ஆகும். கதிரவன் நமது முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் இறகுகளின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லா வாத்துகளும் கருப்பாகவே தோன்றும். 8 அல்லது 10 மடங்கு உருப்பெருக்கும் இருநோக்கி, குறிப்பேடு, குடிநீர், தொப்பி ஆகியவை போதும். பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிற ஆடைகள் ஏற்றவை.

கரையின் மீதே நடக்க வேண்டும். நீருக்குள்ளோ சேற்றிலோ இறங்குதல் கூடாது. ஒரு பறவை மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தால், நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒளிப்படத்துக்காகக் கல்லெறிந்தும் கைதட்டியும் பறக்கவிடுவது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை திரும்பிச் செல்வதற்குச் சேர்த்துவைக்கும் ஆற்றலை வீணடிப்பதாகும். வரப்புகளிலும் மதகுகளிலும் உழவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, வண்டியைக் களத்துப் பாதையில் நிறுத்தாமல் இருப்பதும் இங்கே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்காகும்.

மாணவர்கள் பறவைகளைக் கணக்கெடுத்துப் பழகலாம். கூட்டத்தில் முதல் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொண்டு, அதே அளவு எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுவது எளிய முறை. நாள், நேரம், நீரின் அளவு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். சனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் பங்குகொண்டு இத்தகைய பதிவுகளை ஈபேர்ட் தளத்தில் சேர்க்கலாம். நீர் நிறைந்த ஆண்டின் பதிவைப் போலவே, நீரில்லாத ஆண்டில் பறவைகள் வரவில்லை என்ற பதிவும் பயனுள்ளது.

அருகிலுள்ள இடங்கள்

கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் ஆகிய ஊர்களில் பழுவேட்டரையர் காலத்துக் கற்கோயில்கள் உள்ளன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய மரம் காணப்படுகிறது. இதனை 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். காரை பகுதியில் கிடைக்கும் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தில் கடல் இருந்ததைக் காட்டுகின்றன.