பொதிகை ஏறுமுன் உடம்பைக் கேளுங்க!

களக்காட்டில் நின்று மேற்கே பாருங்கள். சுவர் எழுப்பிய மாதிரி மலைத்தொடர்! அந்தத் தொடரில்தான், தமிழக-கேரள எல்லையில், அகத்தியர் மலை நிற்கிறது. உயரம் 1,868 மீட்டர்.

சிவன்-பார்வதி கல்யாணத்துக்கு எல்லோரும் கைலாயம் போக, வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம். அதைச் சமன் செய்ய வந்த குட்டை முனிவர்தான் அகத்தியர். சித்த வைத்தியத்துக்கே அவர்தான் குரு என்பார்கள்.

கதை ஒருபுறம் இருக்கட்டும். மூலிகைக்கு அங்கே பஞ்சமில்லை. காணி மக்கள் களைப்புத் தெரியாமலிருக்க 'ஆரோக்கியப்பச்சை'யின் பழத்தை மென்றதை 1987-ல் விஞ்ஞானிகள் கவனித்தார்கள். அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தே பிறந்தது. அதற்காக, கண்ட செடியையும் பறித்து வாயில் போட்டுடாதீங்க!

களக்காடு பக்கம் புலிகள் காப்பகம். சிங்கவால் குரங்குக்காக 1976-ல் சரணாலயமான காடு இது. இஷ்டத்துக்கு நுழைய முடியாது. உச்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேரள வனத்துறையின் அனுமதியோடு, ஆண்டின் தொடக்கத்தில் போனக்காடு வழியாகத்தான் ஏறுகிறார்கள். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. கடைசியில் கயிறு பிடித்துப் பாறை ஏற வேண்டும்.

வெள்ளியங்கிரியில் 2024-ல் மலையேறிய பக்தர்கள் சிலர் உயிரிழந்தது நினைவிருக்கிறதா? காட்டுக்குள்ளே 108 வண்டி வராது. அதனால்...

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு மாதம் முன்பே தினமும் நடந்து, மாடிப்படி ஏறிப் பழகுங்கள்.

பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் நில்லுங்கள். தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையோடு மிட்டாயும் வைத்திருங்கள்.

முழங்கால் வலிப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான். சின்ன அடியாக வையுங்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும்.

அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்கக் கொஞ்ச நேரமாகும். பயப்பட வேண்டாம்.

ஆனால் நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை என்றால் 'வாயுப் பிடிப்பு' என்று சமாளிக்காதீர்கள். உடனே உட்காருங்கள், வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் ஓர் அடிகூட ஏற வேண்டாம்.

பாதியில் திரும்பினால் அகத்தியர் கோபிக்க மாட்டார். அவரே வைத்தியர்தானே!