ஆறு செய்த சமதரை

மலைப் பிரதேசத்தில் மோட்டார் வண்டியில் பிரயாணம் செய்கிறவன், பொழுது சாய்ந்த பின்பு வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி அதற்குள்ளேயே படுத்துறங்க இடம் தேடும்போது, அவன் கண்ணுக்கு முதலில் தென்படுவதும் மனத்துக்கு முதலில் பிடித்துப்போவதும் ஆற்றங்கரையே. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், தலைக்கு மேலே மரநிழல், சக்கரம் புதையாத கூழாங்கல் தரை, இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் படுத்தவன் ஒரு பக்கமாகச் சரிந்துவிடாதபடி மட்டமான நிலம். கால்நடையாகப் போகும் மலையேறி எந்தச் சரிவிலும் இரண்டு பாறைகளுக்கிடையே ஆறடி இடம் கண்டு படுத்துவிடுவான். வண்டியில் போகிறவனுக்கோ சமதரையும் வேண்டும், அதற்கு இறங்கிச் செல்லப் பாதையும் வேண்டும். குறுகிய மலைப் பள்ளத்தாக்குகளில் அத்தகைய சமதரையைப் பெரும்பாலும் உண்டாக்கி வைத்திருப்பது ஆறுதான் என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஸ்பெயினிலும் நீர்க்கரை முகாம்களில் நேர்ந்த பெருந்துயரங்களின் விவரங்களைப் படித்து வருகையில், அவை யாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு மறதி கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வறண்ட காலத்தில் ஒரு சிறு வாய்க்காலைப்போல் ஒடுங்கி ஓடும் மலையாறு, பெருமழைக் காலத்தில் பள்ளத்தாக்கின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை பரந்து, தான் சுமந்து வந்த கல்லையும் மணலையும் வண்டலையும் வேகம் தணியும் இடங்களில் இறக்கிவிட்டுப் போகிறது. இப்படி ஆண்டாண்டு காலமாக இறக்கிப் பரப்பிய நிலமே வெள்ளச் சமவெளி எனப்படுவது. அது ஆற்றுக்கு அருகிலுள்ள நிலம் அன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறு பயன்படுத்திக்கொள்ளும் அதன் சொந்தப் படுகை. இதற்குச் சாட்சியம் வண்டியை விட்டு இறங்கியவுடன் காலடியிலேயே கிடைக்கும். தட்டையான கற்கள் தாறுமாறாகக் கிடக்காமல், நீர் வரும் திசையை நோக்கிச் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கியிருப்பதைக் குனிந்து பார்த்தால் காணலாம். ஓடும் நீர் மட்டுமே கற்களை அவ்விதம் படுக்க வைக்கும். அவற்றிடையே தேங்காய்ப் பருமனுள்ள கல் ஒன்று கிடந்தால், அந்தக் கல்லை உருட்டிக்கொண்டு வருமளவு வேகமுள்ள நீர் அந்த இடத்தில், மனிதன் தலையணை போடும் அதே இடத்தில், ஒருநாள் ஓடியிருக்கிறது என்று பொருள். நீரின் வேகம் இரட்டித்தால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரம் கணக்கிட்டுச் சொல்லும் விதி. நீர் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் நகரும் கல்லின் குறுக்களவு நான்கு மடங்காகும்போது, அதன் எடை நான்கின் கனமாகப் பெருகிவிடுகிறது. சாதாரண நாளில் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஓடை, வெள்ள நாளில் பாறைகளை உருட்டுவதன் இரகசியம் இதுவே.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வாஷிடா மலைத்தொடரின் வனப் பகுதியில், லிட்டில் மிசௌரி என்னும் சிற்றாற்றின் கரையில் ஆல்பர்ட் பைக் என்ற பெயருள்ள அரசாங்க முகாம் ஒன்று இருந்தது. கேரவன்களும் படுக்கை வசதியுள்ள பெரிய வண்டிகளும் வந்து நிற்பதற்கென்று அங்கே தளம் சமப்படுத்தப்பட்டு, மின்சார இணைப்பும் குழாய்த் தண்ணீரும் தரப்பட்டிருந்தன. 2010-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி இரவு, பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்து வந்த குடும்பங்கள் அங்கே உறங்கிக்கொண்டிருந்தபோது, மேல்மலைகளில் சில மணி நேரத்துக்குள் சுமார் ஏழு அங்குல மழை கொட்டியது. அம்மலைகளின் சரிவு செங்குத்து, மண் போர்வை மெல்லியது, கீழே பாறை. விழுந்த நீரில் மிகச் சொற்பமே நிலத்துக்குள் இறங்க, மீதமெல்லாம் ஓடைகள்தோறும் ஒரே வேளையில் திரண்டு குறுகலான பள்ளத்தாக்கினுள் இறங்கியது. அருகிலுள்ள லாங்லி என்னும் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றின் மட்டத்தைக் குறித்துவந்த கருவி, இரவில் மூன்றடியளவில் காட்டிய நீரை விடிவதற்குள் 23 அடிக்கு மேல் காட்டியது. சில வேளைகளில் மணிக்கு எட்டடி வீதம் நீர் ஏறியிருக்கிறது.

வானிலை அலுவலகம் நள்ளிரவுக்குப் பின் எச்சரிக்கை விடுத்தது உண்மை. ஆனால் கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத அந்தப் பள்ளத்தாக்கில், உறங்குகிறவன் காதுக்கு அதைக் கொண்டு சேர்க்க வழியில்லை. சாலையின் தார்ப்பூச்சை நீர் உரித்தெடுத்தது. மரங்களின் பட்டையைச் சீவியது. கனத்த கேரவன்கள் பக்கவாட்டில் புரண்டு கிடந்தன. இருபது பேர் மாண்டனர், அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். சௌகரியங்கள் பெருகப் பெருக ஓரிடம் பத்திரமானது என்ற எண்ணமும் மனிதனுக்குள் தானாகவே பெருகிவிடுகிறது. மின்சாரக் கம்பமும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடத்தில் ஆறு வராது என்று நம்பியவர்களை நான் குறை கூறமாட்டேன். குறை கூறவேண்டியது, அந்த இடத்தை அதற்கென்று தேர்ந்தெடுத்த முறையை.

இத்தகைய வெள்ளத்தின் கொடுமை, அது மழையோடு சேர்ந்து வராததில் இருக்கிறது. முகாமில் வானம் தெளிவாக நட்சத்திரங்களோடு இருக்கலாம். பத்து மைலுக்கு அப்பால், மலையின் மறுபுறத்தில், இடிமேகம் ஒன்று நகராமல் நின்று பொழிந்துகொண்டிருக்கலாம். அந்த நீர் வந்து சேரும் கால அவகாசம், பெரிய நதிகளில் நாட்கணக்கிலும், மலையோடைகளில் நிமிஷக் கணக்கிலும் இருக்கிறது. அன்றியும் ஆற்றங்கரையில் படுத்தவனுக்கு ஓயாத நீரோசை தாலாட்டாகிவிடுவதால், அந்த ஓசை சிறிது சிறிதாகக் கனத்து வருவதை உறங்கும் செவி உணர்வதில்லை. வண்டியின் கதவும் கண்ணாடியும் மூடியிருந்தால் சொல்லவே வேண்டாம். கூடாரத்தில் படுத்தவனையாவது முதுகுக்கடியில் ஊறும் ஈரம் எழுப்பிவிடும். வண்டிக்குள் கட்டில்மேல் படுத்தவனை, சக்கரம் முழுகி வண்டி அசையும் வரையில் ஒன்றும் எழுப்புவதில்லை.

எச்சரிக்கை காதில் விழுந்தும் மனிதர் நகராமல் இருந்ததற்கு ஜப்பானில் ஒரு துயர உதாரணம் உண்டு. கனகாவா மாகாணத்துத் தன்ஸாவா மலைகளில் ஓடும் குரோகுரா ஆற்றின் நடுவிலுள்ள மணல்திட்டில், 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி, உடன் வேலை செய்யும் நண்பர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக ஒரு கூட்டத்தார் கூடாரமிட்டிருந்தனர். மழை வலுத்தது. மேலேயுள்ள அணையோ சிறியது. வெள்ளத்தைத் தேக்கி வைப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. ஆகவே மதகுகளைத் திறந்தாக வேண்டும். அணை ஊழியர்கள் வந்து கரையேறும்படி சொன்னார்கள். பிறகு போலீசாரும் வந்து சொன்னார்கள். மற்ற முகாம்காரர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இந்தக் கூட்டத்திலும் சிலர் கரையில் நின்ற தங்கள் கார்களுக்குச் சென்று படுத்துக்கொண்டார்கள். எஞ்சிய 18 பேர் திட்டிலேயே இரவைக் கழித்தனர். விடிந்தபோது கரைக்கும் திட்டுக்கும் இடையில் கடக்க முடியாத பிரவாகம். மீட்புப் படையினர் கரையில் நின்று கயிறு செலுத்த முயன்றும் பலிக்கவில்லை. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்ற அவர்கள், முற்பகலில், தொலைக்காட்சிக் காமிராக்களின் முன்னே அடித்துச் செல்லப்பட்டனர். ஐவர் பிழைத்தனர்; பதின்மூவர் இறந்தனர்.

ஜப்பானிய மக்கள் இன்றும் இதைப் பேசும்போது அந்தக் கூட்டத்தாரின் பிடிவாதத்தைக் கடிந்து பேசுவதுண்டு. நான் அதைவிட ஒரு சிறு விவரத்தையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். திட்டிலிருந்து கரைக்கு நடந்து போவதற்கு மாலையில் தேவைப்பட்டது சில நிமிஷங்களே. ஈரத் துணிகளையும் பாத்திரங்களையும் இருட்டில் சுருட்டிக் கட்டவேண்டுமே என்ற சலிப்பும், இவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லையே என்ற சமாதானமும் சேர்ந்து அந்தச் சில நிமிஷங்களைத் தள்ளிப்போட வைக்கின்றன. நீர் ஏறும் விதமோ அந்தத் தாமதத்துக்கு நேர் விரோதமானது; முதல் அரை அடி ஏற எடுத்துக்கொண்ட நேரத்தில், அடுத்த மூன்றடி ஏறிவிடக்கூடும்.

வண்டிக்குள் ஏறிக்கொண்டால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சிறிது கணக்குப் போட்டே பார்க்கவேண்டும். நடுத்தரக் கார் ஒன்றின் அடித்தளப் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். எடை சுமார் 1,400 கிலோ. அடித்தளத்துக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், கார் விலக்கும் நீரின் எடை 700 கிலோ. 20 சென்டிமீட்டர் ஏறினால் 1,400 கிலோ. அதாவது, உள்ளே நீர் புகாதிருக்கும் வரையில், முழங்காலுக்கும் குறைவான வெள்ளத்திலேயே கார் தன் எடை முழுவதையும் இழந்து மிதக்கத் தொடங்கும்; அதற்கு வெகு முன்பாகவே சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழந்துவிடும். அமெரிக்க வானிலை சேவை, ஓடும் நீர் ஓரடி இருந்தால் சிறிய கார்களையும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களையும் இழுத்துச் செல்லும் என்று மக்களுக்குச் சொல்லிவருவது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அகன்ற அடித்தளமும் மெல்லிய சுவர்களும் உடைய கேரவனின் நிலை இன்னும் மோசம். 13 சதுர மீட்டர் பரப்பும் ஒன்றரை டன் எடையும் உள்ள ஒரு கேரவன், தளத்துக்கு மேல் 12 சென்டிமீட்டர் நீரிலேயே மிதந்துவிடும். பெரிய வண்டி பத்திரமான வண்டி என்ற எண்ணம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தலாம், ஆற்றுக்குப் பொருந்தாது.

பக்கவாட்டில் தள்ளும் விசையும் அற்பமானதன்று. விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தகட்டின்மேல் சுமார் 200 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் நான்கு மீட்டரானால் அது 800 கிலோ. வெளியேறலாம் என்று கதவைத் திறக்கப் போனால், ஒரு மீட்டர் அகலக் கதவின்மேல் 60 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றாலே சுமார் 180 கிலோ பாரம் எதிர்க்கும். மின்சாரத்தால் இறங்கும் ஜன்னல்கள் நனைந்தபின் எவ்வளவு நேரம் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. மழைக்கு அஞ்சி எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டுவதும், குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும் தனியொரு அபாயம். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு, வெள்ளம் வருமுன்பே உயிரைக் கொண்டுபோய்விடும்.

இன்னொரு வகை நிலத்தையும் சொல்லவேண்டும். செங்குத்தான ஓடை ஒன்று மலையிடுக்கை விட்டு அகன்ற பள்ளத்தாக்கில் நுழையும் வாயில், அது கொட்டிய கற்கள் விசிறிபோல் பரவி அழகான மென்சரிவாக அமைந்திருக்கும். ஸ்பெயின் நாட்டுப் பிரெனீஸ் மலைகளில் பியேஸ்காஸ் என்னும் ஊருக்கு அருகே, அராஸ் ஓடை பரப்பிய அத்தகைய விசிறி நிலத்தில் ஒரு முகாம் இருந்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி மாலை அந்த ஓடையில் வந்த வெள்ளம் அங்கே 87 பேரைக் கொன்றது. ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுவதும் 19 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியதே. கற்களைத் தடுக்கக் கட்டிய சிறு அணைகளில் பெரும்பாலானவை உடைந்து, பல பத்தாண்டுகளாகத் தேக்கிய கல்லையும் மண்ணையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டன. அரசாங்கம் பொறுப்பாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2005 வரை ஆயிற்று.

ஆகவே இடம் பார்ப்பதைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கவேண்டும். மரக்கிளைகளின் கவையில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருக்கின்றனவா, அவை எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அண்ணாந்து பார்க்கவேண்டும். படுகைக்கு மேலே, முற்றிய மரங்கள் நிற்கும் பழைய மேட்டுத் தளம் இருந்தால், ஆறு சற்றுத் தொலைவாகிவிட்டாலும் அதிலேயே வண்டியை நிறுத்தவேண்டும். அங்கிருந்து சாலைக்குப் போகும் வழி ஓர் ஓடையைக் கடக்கிறதா என்பதும் முக்கியம். கடக்குமானால் அது முதலில் அடைபட்டுவிடும். இரவில் நீர் கலங்கினாலோ, சுள்ளிகளும் பச்சிலைகளும் மிதந்து வந்தாலோ, மழை பெய்துகொண்டிருக்கும்போதே மட்டம் திடீரென்று குறைந்தாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது. மட்டம் குறைவது நல்ல அறிகுறி என்று மகிழ்வோர் உண்டு. மேலே மண்சரிவு ஓடையை அடைத்திருப்பதே அதன் காரணமாக இருக்கலாம், அந்த அடைப்பு உடையும்போது தேங்கியது முழுவதும் ஒருங்கே வரும்.

அப்போது வண்டியைக் கிளப்பிக்கொண்டு பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கி ஓட்டுவதே எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கொலராடோவின் பிக் தாம்ஸன் பள்ளத்தாக்கில், 1976 ஜூலை 31 மாலை, விடுமுறைக் கூட்டம் நிரம்பியிருந்த வேளையில், மேற்பகுதியில் சுமார் நான்கு மணி நேரத்தில் ஓரடி மழை பெய்தது. மழை சொற்பமாகவே விழுந்த கீழ்ப்பகுதியில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையை நம்புவதே அரிதாக இருந்தது. சாலையும் ஆறும் ஒரே இடுக்கில் பின்னிச் செல்வதால், வண்டியில் வெள்ளத்தை முந்திவிட முயன்றவர்கள் பலர் சாலையோடு போயினர். 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வண்டியை விட்டுவிட்டுப் பக்கச் சரிவில் ஏறிப் பாறைகளின்மேல் நனைந்தபடி இரவைக் கழித்தவர்கள் பிழைத்தனர். அதன்பின், வெள்ளம் வந்தால் உயரே ஏறித் தப்புக என்று அறிவிக்கும் பலகைகளை அந்த மாநிலத்தின் மலைப்பாதைகளில் நாட்டினார்கள். வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி சாலையோரத்திலேயே அவை இன்றும் நிற்கின்றன.