புகையடுப்பின் காற்றுக் கதவைச் செப்பனிடும் முறை

ரப்பர் ஷீட்டுகளைப் புகையூட்டிப் பதப்படுத்தும் முறையைத் தோட்ட மக்கள் நன்கு அறிவர். நெருப்பை ஓங்கி எரிய விடாது, காற்றைக் குறைத்துக் கனலச் செய்வதே அதன் நுட்பமாகும். மீனுக்கும் இறைச்சிக்கும் அதே விதிதான். நெகிரி செம்பிலானில் புகழ்பெற்ற சாலாய் இறைச்சியும் மெல்லிய அனலிலும் புகையிலுமே பக்குவமடைகிறது. ஆகவே, பழைய எண்ணெய்த் தோம்பைக் கொண்டு வீட்டின் பின்புறம் புகையடுப்பு அமைத்திருப்போர், அதன் அடியிலுள்ள காற்றுக் கதவைச் சீராக வைத்திருத்தல் அவசியம்.

தோம்பின் துளைகளை மூடித் திறக்கும் சிறு தகடே காற்றுக் கதவு. அது ரிவெட் எனப்படும் ஒரே தறையாணியைப் பற்றிச் சுழல்கிறது. சாம்பல் அடியில் தங்கி ஈரத்தை உறிஞ்சுவதால், அடுப்பின் மற்ற பாகங்களுக்கு முன்பாக இப்பகுதி துருப்பிடிக்கிறது. கதவு தளர்ந்தால் காற்று மிகும், நெருப்பு ஓங்கும், மீன் வெளியே கருகி உள்ளே வேகாதிருக்கும். இதற்காகப் புதிய அடுப்பு வாங்க வேண்டியதில்லை.

முதலில் அடுப்பு முற்றிலும் ஆறியபின் சாம்பலை அகற்றுக. கண்ணாடியும் கையுறையும் அணிக. தறையாணித் தலையின் நடுவில், சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சிறு குழி செய்க. குழி இல்லையேல் துளைக்கும் அலகு வழுக்கும். பின்னர், தறையாணியின் தண்டு அளவே பருமனுள்ள அலகால் மெல்லத் துளையிடுக. தலை கழன்று விழும். எஞ்சிய தண்டை ஆணியால் தட்டி வெளியேற்றலாம். தறையாணியும் சேர்ந்து சுழன்றால், உட்புறத்து முனையைக் குறடால் பற்றிக்கொள்க.

புதிய கதவை மீண்டும் தறையாணியால் இறுக்குவது தவறு. கைக்கருவியால் இழுத்துப் பொருத்தும் தறையாணி தகடுகளை இறுகப் பிணைக்கும், கதவு சுழலாது. சுழலும் பாகத்திற்குப் போல்ட்டே ஏற்றது. இருபுறமும் வாஷர் இட்டு, கதவு சற்றே இறுக்கமாகத் திரும்பும்படி முதல் நட்டை நிறுத்தி, அதன்மேல் இரண்டாவது நட்டை இறுக்கினால் தளராது. அசையாத பாகமாகிய கீலுக்கோ, ஓட்டை அடைக்கும் தகட்டுக்கோ தறையாணி பொருந்தும். 4.8 மில்லிமீட்டர் தறையாணிக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் துளை போதும்.

உலோகத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் அலுமினியத் தறையாணி கனலருகே உதவாது. அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். அதற்கு வெகுமுன்பே அது வலுவிழக்கும். எஃகு அல்லது துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்துக.

கூரைக்குப் போடும் துத்தநாகத் தகட்டை வெட்டிக் கதவாக்குவது ஆபத்தானது. கடும் வெப்பத்தில் அந்த முலாம் எரிந்து எழும் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் காணலாம். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டையும் தவிர்க்க வேண்டும். களைக்கொல்லி அல்லது வேறு இரசாயனம் இருந்த தோம்பின் தகட்டை, எவ்வளவு கழுவியிருப்பினும், உணவுக்கான அடுப்பில் சேர்க்கலாகாது. எண்ணெய்த் தோம்பை வெட்டுவதாயின், உள்ளே தங்கிய ஆவி தீப்பொறியால் வெடிக்கக்கூடும் என்பதை மறவாதீர்.

வேலை முடிந்ததும் உட்புறத்தில் சமையலெண்ணெயை மெல்லியதாகத் தடவி, உணவு வைக்காமல் ஒரு மணி நேரம் நெருப்பிடுக. உள்ளே சாயம் பூசலாகாது. கதவை முழுதும் மூடினால் கனல் தணிய வேண்டும். திறந்தால் மீண்டும் எழ வேண்டும். இதுவே பழுது நீங்கியதற்கு அடையாளம். இச்சோதனையைத் திறந்த வெளியில் மட்டுமே செய்க. கரியின் புகையில் உள்ள நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது.

ஒவ்வொரு முறையும் சாம்பலை அன்றோ மறுநாளோ அகற்றிவிட்டால், புதிய கதவு நெடுநாள் உழைக்கும். சில வெள்ளி மிச்சமாவதைவிட, பிள்ளைகள் உண்ணும் உணவில் நஞ்சு கலவாதிருப்பதே பெரும் பயனாகும்.