முதுகில் ஊசி போட்டா கால் விளங்காம போயிடுமா? மூளைக்காய்ச்சலை காட்டிக் கொடுக்கும் 'தண்டுவட நீர்' சோதனை

விடாத காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, குனிய முடியாதபடி கழுத்து விறைப்பு. இப்படி ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் வீட்டாரிடம், 'முதுகில் இருந்து நீர் எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னதும் பதறிப் போகிறார்கள். 'அந்த ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்' என்று கையெழுத்துப் போட மறுப்பவர்களும் உண்டு. இந்தத் தாமதம்தான் உயிருக்கு உலை வைக்கிறது.

பாக்டீரியாவா, வைரசா?

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வு வீங்குவதுதான் இந்தக் காய்ச்சல். வைரசால் வந்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். பாக்டீரியாவால் வந்தால் ஒரே நாளில் கூட உயிரைப் பறிக்கலாம். பிழைத்தாலும் சிலருக்கு காது கேட்காமல் போகலாம். ஆனால் ஆரம்பத்தில் அறிகுறிகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். பிரித்துக் காட்டுவது லேப் சோதனையே.

நீர் சொல்லும் சேதி

தண்டுவட நீர் பச்சைத் தண்ணீர் போல தெளிவாக இருக்க வேண்டும். பாக்டீரியா புகுந்தால் பெரும்பாலும் கலங்கிவிடும். லேபில் முக்கியமாகப் பார்ப்பவை:-

* வெள்ளை அணு: 1 மைக்ரோ லிட்டரில் 5-க்குள் இருக்க வேண்டும். பாக்டீரியா என்றால் பல சமயம் 1000-ஐ தாண்டும். வைரஸ் என்றால் பொதுவாக சில நூறுக்குள்தான்.

* சர்க்கரை: ரத்த சர்க்கரையில் சுமார் 3-ல் 2 பங்கு இருக்கும். பாக்டீரியா வந்தால் மளமளவென குறையும். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதே நேரத்தில் கையிலும் ரத்தம் எடுக்கிறார்கள்.

* புரதம்: 100 மில்லி நீரில் 45 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டியது, பாக்டீரியா தாக்கினால் 100-ஐயும் தாண்டலாம்.

* லாக்டேட்: 3.5-க்கு மேல் போனால் பாக்டீரியா மீது சந்தேகம் வலுக்கும்.

ரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் சோதனைகளும் துப்பு கொடுக்கும். ஆனால் ஒரே ஒரு எண்ணை வைத்து டாக்டர்கள் முடிவு கட்டுவதில்லை. காரணம், காசநோய் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலிலும் சர்க்கரை குறையும், புரதம் கூடும்.

கால் போகுமா?

பெரியவர்களுக்கு தண்டுவடம், இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் எலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே. அதனால் தண்டுவடத்தில் படுவதில்லை. சிலருக்கு சில நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். மூளையில் அழுத்தம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். 1891-ல் ஜெர்மனி டாக்டர் ஹென்ரிச் குயின்கே தொடங்கி வைத்த முறை இது.

மாத்திரையை மறைக்காதீங்க

எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் முடிவுக்கு 2, 3 நாள் ஆகும். அதுவரை காத்திராமல், சந்தேகம் வந்ததுமே ஆன்டிபயாடிக் ஊசி போட ஆரம்பித்துவிடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு வந்தால், கல்ச்சரில் கிருமி சிக்காமல் தப்பிவிடலாம். அதனால் ஏற்கனவே சாப்பிட்ட மாத்திரையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

குழந்தைகளுக்கு 6, 10, 14-வது வாரங்களில் இலவசமாகப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தக் காய்ச்சலைக் கொண்டு வரும் 'ஹிப்' பாக்டீரியாவையும் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் இருந்து இது போடப்படுகிறது.