‘எடுத்துடலாம்’ என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரே ஒரு வரி: ‘பல்கி யூட்டரஸ்’. கர்ப்பப்பை வழக்கத்தைவிடச் சற்றுப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். ஆனால், “குழந்தைங்கதான் பெத்தாச்சே, இனிமே அது எதுக்கும்மா? விட்டா பின்னாடி கேன்சர் ஆயிடும், எடுத்துடலாம்” என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போதும், வீடே கலங்கிவிடும். அன்று மாலையே அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர், “நான்கூட எடுத்துட்டேன், இப்ப நிம்மதியா இருக்கேன்” என்பார். அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிடும்.

இங்கேதான் சற்று நிற்க வேண்டும். இன்னும் வராத நோய்க்காகச் செய்யும் அறுவைக்கு அவசரம் இருக்க முடியாது. அவசரப்படுத்தினால், அதுவே இரண்டாவது கருத்து கேட்கப் போதுமான காரணம்.

நோய் வரும் முன்பே அறுவை தேவைப்படுமா?

சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படும். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் இரு மார்பகங்களையும், 2015-ல் சினைப்பைகளையும் அகற்றிக்கொண்டார். அவருடைய தாய் புற்றுநோயால் இறந்தவர். ரத்தப் பரிசோதனையில் பிஆர்சிஏ-1 என்ற மரபணுக் கோளாறு ஜோலிக்கு உறுதியானது. அந்தக் கோளாறு உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரலாம். மற்றப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான்.

அங்கே குடும்ப வரலாறு இருந்தது, பரிசோதனை முடிவு இருந்தது, ஆபத்தின் அளவு தெரிந்திருந்தது. வெறும் வெள்ளைப்படுதலுக்கும், ஸ்கேனில் தெரியும் சிறு நார்க்கட்டிக்கும் ‘பின்னாடி கேன்சர்’ என்று சொல்லும்போது இந்த மூன்றில் எதுவுமே இருப்பதில்லை. நார்க்கட்டி பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அவற்றில் புற்றுநோயாக இருப்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

உச்ச நீதிமன்றம் வரை போன கதை

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே 2019-ல் அரசுக் குழு ஒன்று கணக்கெடுத்தது. 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் அதிகமானோர் கர்ப்பப்பையை அகற்றியிருந்தார்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவர். வேலைக்கு வராத நாளுக்கு மேஸ்திரி அபராதம் பிடித்தார். மாதவிடாய் வலியோடு போனவர்களுக்குப் புற்றுநோய் பயம் காட்டப்பட்டது. பலர் முப்பதுகளில் இருந்தவர்கள்.

ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையின்றி நடந்த இதே அறுவைகளைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது.

இது வடக்கில் மட்டும் நடப்பதல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 3 சதவீதத்தினருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. பக்கத்து ஆந்திரத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

எடுத்தபின் உடலில் என்ன நடக்கும்?

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்தே எடுப்பது உண்டு. அப்படி எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஒரே நாளில் நின்றுபோகும். 38 வயதுப் பெண் மறுவாரமே மாதவிடாய் முடிந்தவராகிவிடுவார். உடல் எரிச்சல், தூக்கமின்மை உடனே தொடங்கும். ஆண்டுகள் போகப்போக எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்கு மாதவிடாய்க் கால முடிவு சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ‘இனி எதுக்கு?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

எடுக்காமல் தீர்க்க வழி உண்டா?

அதிக ரத்தப்போக்குக்கு முதலில் மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் உண்டு. ஒருமுறை வைத்தால் ஐந்து ஆண்டாவது வேலை செய்யும், ரத்தப்போக்கைப் பெருமளவு குறைக்கும். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துச் சுருங்கவைக்கும் முறையும் இருக்கிறது. ரத்தப்போக்குக்குத் தைராய்டு கோளாறு காரணமாக இருந்தால், அதற்கு மாத்திரை சாப்பிட்டாலே சரியாகலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய பயத்துக்கு மருந்து அறுவை அல்ல, பரிசோதனைதான். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நெய்வேலியில் இருப்பவர்கள் எங்கே கேட்பது?

நகரியத்தில் என்எல்சி ஊழியர் குடும்பங்களுக்கு நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாததற்கு வெளி மருத்துவமனைக்கு ரெஃபரல் தருகிறார்கள். தகுதியுள்ள ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை. இரண்டிலும் கையில் இருந்து பெரிதாகப் பணம் போவதில்லை. ‘செலவே இல்லையே, முடிச்சுட்டு வந்துடலாம்’ என்ற எண்ணம் அதனாலேயே எளிதில் வந்துவிடுகிறது.

ரெஃபரல் கடிதமோ காப்பீட்டு அனுமதியோ கிடைத்தால், செலவை ஏற்க வழி கிடைத்துவிட்டது என்று பொருள். அறுவை தேவைதானா என்று இன்னொரு மருத்துவர் உங்களைப் பரிசோதித்துப் பார்த்ததாக அதற்கு அர்த்தமில்லை.

இரண்டாவது கருத்துக்கு, முதல் டாக்டர் கைகாட்டும் இடத்துக்குப் போகாமல் தொடர்பில்லாத வேறு மருத்துவமனைக்குப் போவது நல்லது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (பழைய ராஜா முத்தையா) இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். குடும்பத்தில் அம்மா, சித்தி, அக்கா என்று பலருக்கு மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், 1954 முதல் இயங்கும் சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே ஆலோசனை பெறலாம்.

டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

பலர் தயங்குவது இதனால்தான். “டாக்டர், ரிப்போர்ட் எல்லாம் ஒரு செட் குடுங்க. இன்னொரு இடத்துலயும் காட்டிட்டு வந்து சொல்றோம்” என்று நேராகவே சொல்லலாம். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில் இரண்டாவது கருத்து கேட்பதும் ஓர் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே உள்ள மருத்துவக் கவுன்சில் விதி.

கையெழுத்து விஷயத்திலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி மூலம் பரிசோதிக்க மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கும் தந்த சம்மதம் ஆகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மகனோ கணவரோ போடும் கையெழுத்து, முடிவெடுக்கும் நிலையில் உள்ள பெண்ணின் சம்மதத்துக்கு ஈடாகாது.

கொண்டுபோக வேண்டியவையும் கேட்க வேண்டியவையும்

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிம், ரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். திசுப் பரிசோதனை செய்திருந்தால் ஸ்லைடையும் வாங்கிச் செல்லுங்கள். அதை இன்னொரு நிபுணர் மறுபடி படித்துப் பார்க்க முடியும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

• எனக்கு இப்போது என்ன நோய்? பெயரைத் தாளில் எழுதித் தர முடியுமா?
• அறுவை செய்யாமல் விட்டால், என்னைப் போல நூறு பேரில் எத்தனை பேருக்கு ஆபத்து வரும்?
• மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுப் பார்த்தால் ஏதாவது கெடுமா?
• சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா? இல்லையென்றால் ஏன்?

இரு மருத்துவர்களும் வேறு வேறாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ‘செய்’, ‘வேண்டாம்’ என்ற முடிவைவிட, அதற்குச் சொல்லும் காரணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லையென்றால் மூன்றாவது ஒருவரிடம் காட்டலாம்.

தள்ளிப்போடக் கூடாத நேரம்

மாதவிடாய் நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால், உறவுக்குப்பின் ரத்தம் வந்தால், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியாகிவிட்டால் இரண்டாவது கருத்தையும் சில நாட்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

மற்றபடி, நோயே இல்லாதபோது ஓரிரு வாரம் தாமதித்து விசாரிப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. இரண்டாவது டாக்டரும் அறுவைதான் சரி என்று காரணத்தோடு சொன்னால், பயமில்லாமல் தேதி குறித்துக்கொள்ளலாம்.